பழுத்ததா, காயா?

ஆறாம் நாள் காலையில் இட்லி வாய்க்குள் நுழையவில்லை. விழுங்குவது முந்தின நாளே நின்றுபோயிருந்தது; இது வேறு சங்கதி. நான்காகப் பிட்ட துண்டு ஒன்றை உதட்டுக்கு நடுவே வைத்தால் பல்வரிசை விலக மறுத்தது. கண்ணாடி முன் நின்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்துப் பார்த்தேன். ஒரு விரல் நுழைந்தது, இரண்டாவதற்கு இடமில்லை. நல்ல வாய்க்கு மூன்று விரல் நுழைய வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. "என்ன பேசறீங்கன்னே புரியலங்க, சுடுசோத்த வாயில வச்சுக்கிட்டுப் பேசற மாதிரி இருக்கு" என்றாள் மனைவி. திருக்கழுக்குன்றத்திலிருந்து அத்தையின் தீர்ப்பு போனில் வந்தது: "உள்நாக்கு விழுந்திருக்கும். மஞ்சளும் உப்பும் தொட்டு வச்சு அழுத்தச் சொல்லு."

அத்தை சொன்னதில் பாதி சரி. உள்நாக்கு இடம் மாறித்தான் இருந்தது. ஆனால் கீழே விழவில்லை, வலப்பக்கமாகத் தள்ளப்பட்டிருந்தது. அதைத் தள்ளிக்கொண்டிருந்தது இடது டான்சிலுக்குப் பின்னால் சேர்ந்திருந்த சீழ். டார்ச்சை அடித்துப் பார்த்த காது மூக்கு தொண்டை மருத்துவர் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டார்: "குயின்சி. பழுத்துடுச்சு போலிருக்கு."

கல்பாக்கத்தை அடுத்த அணுபுரம் குடியிருப்புக்கு நான் வந்த புதிதில் நடந்தது இது. அதன் பிறகு இந்த நோயைப் பற்றி அகப்பட்டதையெல்லாம் படித்தேன். படிக்கப் படிக்க எனக்குத் தோன்றியது இதுதான்: ஊசியா கத்தியா, எந்த மருந்து, ஸ்கேன் வேண்டுமா என்று ஆய்விதழ்களில் நடக்கும் வாதங்கள் எல்லாம் அந்த மருத்துவர் வாயிலிருந்து வந்த "பழுத்துடுச்சு" என்ற சொல்லைச் சுற்றியே வருகின்றன. நோயாளியின் பாட்டைத் தீர்மானிப்பதோ அதற்கும் முன்னால் நிற்கும் ஒரு விஷயம்: எத்தனையாவது நாளில் யாராவது அவன் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள் என்பது.

டான்சில் என்பது தொண்டை வாசலின் இரு பக்கமும் உட்கார்ந்திருக்கும் சதை. அதன் வெளிப்புறத்தை ஒரு மெல்லிய உறை போர்த்தியிருக்கிறது. உறைக்கு அப்பால், தொண்டைச் சுவரின் தசை. இரண்டுக்கும் நடுவில் இளகலான ஓர் இடைவெளி. குயின்சியில் சீழ் சேர்வது அங்கேதான். அதாவது சீழ் டான்சிலுக்குள் இல்லை, டான்சிலுக்கு முதுகுப்புறம் இருக்கிறது. பெரும்பாலும் மேல்பக்கமாக, மெல்லண்ணத்தை ஒட்டிச் சேரும். டான்சில் அழற்சி முற்றி உறையைத் தாண்டியதால் வருவது என்றுதான் வெகுகாலம் சொல்லிவந்தார்கள். டான்சிலுக்கு மேலே அண்ணத்தில் வெபர் சுரப்பிகள் என்று சின்னச் சின்ன உமிழ்நீர்ச் சுரப்பிகள் உண்டு. அவை அடைபட்டுப் பழுப்பதே மூலம் என்று இன்னொரு கட்சி இருக்கிறது. டான்சிலை எடுத்துவிட்டவர்களுக்கும் எப்போதாவது குயின்சி வருவதை இந்தக் கட்சியினர் சாட்சிக்கு அழைப்பார்கள். எனக்கு இரண்டாவது கட்சி மேல் ஒரு சாய்வு உண்டு. காரணம் வேறொன்றுமில்லை, அதற்கு முன் எனக்கு ஒருநாளும் டான்சில் தொந்தரவு வந்ததில்லை.

அமெரிக்கக் கணக்கில் 5 முதல் 59 வயதுக்குள் லட்சம் பேரில் ஆண்டுக்குச் சுமார் 30 பேருக்கு இது வருகிறது. கழுத்தின் ஆழத்தில் சீழ்பிடிக்கும் நோய்களில் மிகச் சாதாரணமானது இதுவே. சின்னக் குழந்தைகளுக்கு அபூர்வம். இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருப்பவர்களைத்தான் தேடி வருகிறது. புகைபிடிப்பவர்களை இன்னும் கொஞ்சம் அதிகமாக.

குயின்சி என்ற பெயர் கிரேக்கத்திலிருந்து வந்து தேய்ந்தது. மூலச்சொல்லில் நாயும் குரல்வளை நெரிபடுவதும் இருக்கின்றன. முன்பெல்லாம் தொண்டை அடைத்துச் செத்தால் எல்லாவற்றுக்கும் இந்தப் பெயர்தான். ஜார்ஜ் வாஷிங்டன் 1799 டிசம்பர் 14 அன்று இறந்ததைக்கூடக் குயின்சி என்று எழுதியவர்கள் உண்டு. குளிரில் குதிரையேறி நனைந்து வந்தவருக்குத் தொண்டை வலி, பிறகு மூச்சுத் திணறல். மருத்துவர்கள் நான்கு முறை ரத்தம் இறக்கினார்கள். கூட இருந்த எலைஷா டிக் என்ற இளைய மருத்துவர் மூச்சுக்குழாயைத் திறக்கலாம் என்றார், மூத்தவர்கள் சம்மதிக்கவில்லை. அறிகுறிகளை இன்று அலசுபவர்களில் பலர் அது குயின்சி அல்ல, குரல்வளை மூடி வீங்கிய நோய் என்கிறார்கள். இரண்டையும் பிரித்தறிவது இன்றைக்கும் உயிர் விஷயம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நம் பக்கத்தில் இந்த நோய்க்குத் தனிப் பெயர் நிலைக்கவில்லை. 'சதை வளர்ந்திருக்கு', 'உள்நாக்கு விழுந்திருக்கு', 'தொண்டை கட்டியிருக்கு' என்று எல்லாமே ஒரே சாக்கில் போகும். ஆனால் கட்டிகளைப் பற்றி நம்மவர்களிடம் ஒரு கூர்மையான பாகுபாடு இருக்கிறது. கட்டி காயா இருக்கு, பழுக்குது, பழுத்துடுச்சு, உடைஞ்சுடுச்சு. காயாக இருக்கும்போது கீறினால் ரத்தம்தான் வரும், பழுத்தால்தான் சீழ் என்பது எந்தப் பாட்டிக்கும் தெரியும். சுஸ்ருத சம்ஹிதையின் சூத்திர ஸ்தானத்தில் 17ஆம் அத்தியாயம் முழுவதும் இதற்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது: வீக்கம் காயா, பழுக்கிறதா, பழுத்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? காயைக் கீறுகிற வைத்தியனையும் பழுத்ததைக் கீறாமல் விட்டுவைக்கிற வைத்தியனையும் அது சமமாகவே ஏசுகிறது. தொண்டை நோய்களின் வரிசையில் கல வித்ரதி, அதாவது தொண்டைச் சீழ்க்கட்டி, என்று ஒன்றையும் அந்த நூல் சேர்த்திருக்கிறது. இன்றைய மருத்துவம் காயைச் செல்லுலைட்டிஸ் என்றும் பழுத்ததை ஆப்சஸ் என்றும் சொல்கிறது. முன்னதில் திசு வீங்கிச் சிவந்திருக்கிறது, சீழ் கூடவில்லை, மருந்தே போதும். பின்னதில் சீழை வெளியேற்ற வேண்டும் என்பது பொது விதி. அடையாளம் காண்பதில் உள்ள சிரமம் மட்டும் அப்படியே இருக்கிறது.

முதலில் கண்ணுக்கும் காதுக்கும் அகப்படுபவை. தொண்டை வலி ஒருபக்கமாக ஒதுங்குவது முதல் துப்பு. சளிக்காய்ச்சலில் வரும் வலி தொண்டை முழுக்க எரியும். இது ஒரு பக்கத்தில் முள் குத்தியதுபோல் உட்கார்ந்துகொள்ளும். அதே பக்கத்துக் காதிலும் வலிக்கும். காதில் ஒன்றுமே இருக்காது. தொண்டைக்கும் நடுக்காதுக்கும் போகும் நரம்பு ஒன்றுதான் என்பதால் மூளை விலாசத்தைத் தவறாகப் படித்துக்கொள்கிறது. எனக்கு மூன்றாம் நாள் காதுவலிதான் பெரிதாகத் தெரிந்தது, சொட்டுமருந்துகூட விட்டுக்கொண்டேன். பிறகு காய்ச்சல், எச்சிலைக்கூட விழுங்காமல் துணியில் துடைப்பது, வாய் நாற்றம். குரல் மாறுவதற்கு ஆங்கிலப் பாடநூல்களில் சுட்ட உருளைக்கிழங்கை உவமையாகச் சொல்கிறார்கள். என் மனைவி பாடநூல் எதையும் பார்க்காமல் சுடுசோறு என்றாள். மெல்லண்ணம் வீங்கிப்போய் அசைய மாட்டாமல் கிடப்பதால் வரும் குரல் அது. ஒருமுறை கேட்டால் மறக்காது.

எல்லாவற்றிலும் எடை கூடியது வாய் திறக்காததுதான். மெல்லுவதற்கான தசைகளில் ஒன்று சீழ் சேரும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. அது எரிச்சலடைந்து இறுகிக்கொள்கிறது. சாதாரண டான்சில் அழற்சியில் விழுங்க வலிக்கும், வாய் திறக்கும். வாயே திறக்கவில்லை என்றால் நோய் உறையைத் தாண்டிவிட்டது என்று பொருள். வீட்டிலேயே, கண்ணாடி முன், காசில்லாமல் செய்துகொள்ளக்கூடிய சோதனை இது. ஆறாம் நாள் தற்செயலாகச் செய்ததை நான்காம் நாளே செய்திருந்தால் இரண்டு இரவுகள் மிச்சமாகியிருக்கும்.

மருத்துவர் உள்ளே பார்ப்பது மூன்று விஷயங்களை. ஒருபக்க மெல்லண்ணம் பலூன்போல் உப்பியிருக்கிறதா, அந்தப் பக்க டான்சில் கீழாகவும் நடுவாகவும் தள்ளப்பட்டிருக்கிறதா, உள்நாக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கிறதா. மூன்றும் இருந்தால் அனுபவசாலிகள் வேறு எதையும் தேடுவதில்லை.

அனுபவத்தின் மேல் இவ்வளவு பாரம் ஏற்றலாமா? 1999இல் பிரிட்டிஷ் ஆய்விதழ் ஒன்றில் வந்த சின்ன ஆய்வு, 14 நோயாளிகள்தான், கொஞ்சம் தலைகுனிய வைக்கிறது. கண்ணால் பார்த்து 'சீழ் இருக்கிறது' என்று சொல்வது, உண்மையில் சீழ் இருந்தவர்களில் 78 சதவீதம் பேரைப் பிடித்தது. சீழ் இல்லாதவர்களை இல்லை என்று சரியாகச் சொன்னதோ 50 சதவீதம். காசைச் சுண்டிப்போட்டாலும் அதே பலன். சிடி ஸ்கேன் சீழுள்ள ஒருவரையும் விடவில்லை, ஆனால் இல்லாத சிலரையும் சேர்த்துப் பிடித்தது. வாய்க்குள் வைத்துப் பார்த்த அல்ட்ராசவுண்ட் 89, 100 என்று இரண்டிலும் நன்றாகத் தேறியது. பதினான்கு பேரை வைத்துச் சட்டம் எழுத முடியாது. ஆனாலும் அதன் சாரத்தைப் பின்னால் வந்தவர்கள் மறுக்கவில்லை: குயின்சி வகை நோய் என்று சொல்வதில் கண் நம்பகமானது, காயா பழமா என்று சொல்வதில் கண் தடுமாறும்.

அல்ட்ராசவுண்ட் சங்கதி எங்கள் ஊர்க்காரர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். கல்பாக்கத்து இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் வேக ஈனுலைக்குத் திரவ சோடியத்தைக் குளிர்விப்பானாகப் பயன்படுத்துகிறார்கள். சோடியத்துக்குள் வெளிச்சம் போகாது. அதனால் அதற்குள்ளே பார்க்க அல்ட்ராசவுண்ட் கருவிகளை உருவாக்கினார்கள். பற்றவைத்த இடத்தில் விரிசல் இருக்கிறதா என்று அறுக்காமல் கண்டுபிடிப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் எங்கள் தெருவில் குடியிருக்கிறார்கள். அண்ணத்துக்குப் பின்னால் சீழ் இருக்கிறதா என்று கீறாமல் பார்ப்பதும் அதே வித்தைதான். நடைமுறையில் ஒரு சிக்கல்: வாய்க்குள் போகும் நீளக் கருவி, பெண்களுக்கு உள்வழியாக ஸ்கேன் செய்ய வைத்திருப்பதே, உறை மாட்டி. ஒரு விரல் நுழையாத வாயில் அது எங்கே நுழையும்? அப்போது தாடைக்குக் கீழே வெளியிலிருந்து வைத்துப் பார்க்கிறார்கள். சீழின் அளவும் ஆழமும் ஓரளவு தெரியும். சீழுக்குப் பின்னால் ஓடும் ரத்தக் குழாயும் தெரியும், அதுதான் கூடுதல் லாபம்.

சிடி எல்லோருக்கும் தேவையில்லை என்பதில் ஏறக்குறைய ஒருமித்த கருத்து இருக்கிறது. வாய் சுத்தமாகத் திறக்கவில்லை, கழுத்து வெளியே வீங்கியிருக்கிறது, கழுத்தைத் திருப்ப முடியவில்லை, ஊசி போட்டும் சீழ் வரவில்லை, நோயாளி ஒத்துழைக்காத குழந்தை: இப்படி ஏதாவது இருந்தால் எடுக்க வேண்டும். நெஞ்சில் கதிர்வீச்சு அளவி குத்திக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் வாழும் ஊரில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்வதால் பயமுறுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். தேவைப்படும்போது அந்தச் சில மில்லிசீவர்ட் பெரிதில்லை. எல்லாத் தொண்டை வலிக்கும் சிடி என்றால் பெரிது.

குயின்சிபோலத் தோன்றும் போலிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டு பக்கமும் டான்சில் வெளிறிய படலத்துடன் வீங்கி, கழுத்து முழுக்க நெறி கட்டியிருந்தால் எப்ஸ்டீன் பார் வைரஸ் காய்ச்சல். சாம்பல் நிறப் படலம் ஒட்டிக்கொண்டு, பிய்த்தால் ரத்தம் கசிந்தால் தொண்டை அடைப்பான். தடுப்பூசி தவறியவர்களிடம் இன்றும் அதை நினைக்க வேண்டும். கடைவாய்ப் பல் பழுத்தாலும் வாய் திறக்காது. ஒருபக்க டான்சில் வலியோ காய்ச்சலோ இல்லாமல் வாரக்கணக்கில் பெருத்துக்கொண்டே போனால், அதிலும் புகையிலை போடுகிறவருக்கு, புற்று இல்லை என்று உறுதிசெய்யாமல் விடக் கூடாது. வாஷிங்டனுக்கு வந்ததாகச் சொல்லப்படும் குரல்வளை மூடி அழற்சி தனி ரகம். வலி கடுமையாக இருக்கும், எச்சில் ஒழுகும், மூச்சு இழுக்கும், ஆனால் வாய்க்குள் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. அவரைப் படுக்கவைத்து நாக்கை அழுத்திப் பார்ப்பதே ஆபத்து. உட்கார்ந்த நிலையிலேயே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

இனி சீழ் எடுப்பது. என்னை நாற்காலியில் நிமிர்ந்து உட்காரவைத்தார்கள். படுத்தால் சீழ் மூச்சுக்குழாய்க்குப் போகும். கையில் சிறுநீரக வடிவத் தட்டு ஒன்றைக் கொடுத்தார்கள். லிக்னோகைன் ஸ்ப்ரே இரண்டு முறை. தொண்டை மரத்து, விழுங்குகிறோமா இல்லையா என்று தெரியாத ஒரு நிலை. மருத்துவர் ஓர் ஊசியை எடுத்தார். அதன் பிளாஸ்டிக் மூடியின் நுனியைக் கத்தரியால் வெட்டித் திரும்ப மாட்டினார். ஊசி ஒரு சென்டிமீட்டர் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஏன் என்று அப்போது கேட்கும் நிலையில் நான் இல்லை. டான்சிலுக்குப் பின்னால், வெளிப்புறமாகச் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் தொலைவில் மூளைக்குப் போகும் உள் கரோட்டிட் தமனி இருக்கிறது. கை வழுக்கினாலும் ஊசி அங்கே எட்டிவிடக் கூடாது. அதற்குத்தான் அந்த வெட்டிய மூடி. விலை ஒன்றுமில்லாத அந்தப் பாதுகாப்பை யோசித்தவரை நான் மனதுக்குள் பலமுறை கும்பிட்டிருக்கிறேன்.

குத்தும் இடத்துக்கும் கணக்கு உண்டு. உள்நாக்கின் அடியிலிருந்து குறுக்கே ஒரு கோடு, டான்சிலுக்கு முன்னால் இருக்கும் தூணை ஒட்டி நெடுக்கே ஒரு கோடு. இரண்டும் வெட்டும் இடத்தைச் சுற்றி எங்கே அதிகம் உப்பியிருக்கிறதோ அங்கே. அங்கே வரவில்லை என்றால் ஒரு சென்டிமீட்டர் கீழே, அப்புறம் இன்னும் கீழே. எனக்கு முதல் குத்திலேயே வந்தது. காய்ச்சின பாலில் மஞ்சள் கலந்த நிறத்தில் சிரிஞ்சு நிறைந்தது. நாற்றம் அந்த அறையை விட்டு வெளியே போனது. "ஏழு மில்லி" என்றார் செவிலியர். வலி ஊசி குத்தியபோது இருந்ததுதான். சீழ் இறங்க இறங்க, ஆறு நாளாகத் தொண்டைக்குள் யாரோ பிடித்திருந்த பிடியை விடுவது தெரிந்தது. அரை மணி கழித்துத் தண்ணீர் குடித்தேன்.

ஊசி ஒரு வழி. கத்தி இன்னொன்று. நுனி மட்டும் தெரியும்படி டேப் சுற்றிய கத்தியால் சின்னதாகக் கீறி, மூடிய இடுக்கியை உள்ளே விட்டுத் திறந்து வெளியே எடுப்பார்கள். சீழ் தானாக வடியும். இதற்கென்றே செயின்ட் கிளேர் தாம்சன் வடிவமைத்த குயின்சி இடுக்கி பழைய ஆஸ்பத்திரி அலமாரிகளில் இருக்கும். மூன்றாவது வழி, அந்தச் சூட்டோடேயே டான்சிலை எடுத்துவிடுவது. டென்மார்க்கில் இது வழக்கம். பிரிட்டனில் பெரும்பாலும் ஊசி அல்லது கீறல். நாட்டுக்கு நாடு, ஆசிரியருக்கு ஆசிரியர் வழக்கம் மாறுவதைப் பார்த்தால், ஒரு முறை மற்றதைத் தெளிவாகத் தோற்கடிக்கவில்லை என்பது புரியும். ஊசியையும் கீறலையும் ஒப்பிட்டு 2016இல் வந்த காக்ரேன் மீளாய்வு 11 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. ஊசி போட்டவர்களுக்குச் சீழ் மறுபடி சேரும் வாய்ப்புச் சற்று அதிகமாக இருக்கலாம், கீறலில் வலி கூடுதலாக இருக்கலாம், ஆனால் ஆதாரத்தின் தரம் மிகவும் தாழ்ந்தது என்று முடித்தது. பல ஆண்டு வாக்குவாதத்துக்குக் கிடைத்த விடை இவ்வளவுதான். ஊசியைச் சின்ன ஊர் மருத்துவர்கூடப் போடலாம், நோயாளி நாற்காலியை விட்டு எழ வேண்டாம், மயக்க மருந்து வேண்டாம். ஆகவே இந்தப் பக்கத்துக்கு முதலில் ஊசி, அதில் அடங்காவிட்டால் கீறல் என்பதே என் கட்சி. பெரியவர்களுக்குத்தான் இது. குழந்தையை நாற்காலியில் பிடித்துவைத்து ஊசி குத்துவது நடக்காத காரியம். அங்கே மயக்க மருந்தும், அதைக் கொடுக்கத் தெரிந்தவரும் வேண்டும். வாய் திறக்காத, தொண்டை வீங்கிய நோயாளிக்கு மயக்கம் கொடுப்பது மயக்கவியல் மருத்துவர்களுக்கே வயிற்றைக் கலக்கும் வேலை.

ஒன்றுமே குத்தாமல், நரம்பு வழி ஆன்டிபயாடிக்கும் ஸ்டீராய்டும் கொடுத்து அனுப்பிவிட்டால் என்ன? கலிஃபோர்னியாவில் ஒரு பெரிய மருத்துவமனைக் குழுமத்தில் அப்படிச் செய்தார்கள். மூச்சுத் தொந்தரவு இல்லாதவர்களில் பெரும்பாலோர் சீழ் எடுத்தவர்களைப்போலவே தேறினார்கள், வலியும் விடுப்பு நாட்களும் குறைவு என்று 2018இல் எழுதினார்கள். சுஸ்ருதரின் ஏச்சு இவர்களுக்கும் பொருந்துமா என்று யோசித்துப் பார்த்தேன். அவர்கள் பழத்தை விட்டுவைக்கவில்லை. தேறுகிறார்களா என்று தொடர்ந்து கவனித்தார்கள். அந்தத் தொடர்பு இல்லாத இடத்தில் மருந்து மட்டும் கொடுத்து பஸ் ஏற்றி விடுவது அதே சிகிச்சை ஆகாது.

மருந்துக்கு வருவோம். இந்தச் சீழில் ஒரு கிருமி இருக்காது, ஒரு கூட்டமே இருக்கும். டென்மார்க்கின் ஓர்ஹுஸ் வட்டாரத்தில் 2001 முதல் 2006 வரை வந்த 847 நோயாளிகளைப் பார்த்ததில், பலரும் எதிர்பார்த்த A பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் 17 சதவீதம்தான். 23 சதவீதத்தோடு முன்னால் நின்றது ஃபுசோபாக்டீரியம் நெக்ரோஃபோரம் என்ற, காற்று ஆகாத கிருமி. அறையை நாறவைத்தது அந்த வகைதான். கழுத்துச் சிரையில் ரத்தத்தை உறையவைத்து நுரையீரலுக்குச் சீழைச் சிதறடிக்கும் லெமியேர் நோய்க்கும் அதுவே காரணம். பென்சிலின் குடும்ப மருந்துகளும் கிளிண்டாமைசினும் மெட்ரோனிடசோலும் அதன் மேல் வேலை செய்யும். கடையில் தொண்டை வலி என்று சொன்னவுடன் எடுத்து நீட்டும் அசித்ரோமைசின் அதன் மேல் பெரிதாக வேலை செய்யாது. நான் விழுங்கியது அதைத்தான், மூன்று நாள், சீட்டில்லாமல். கடைக்காரரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. பெயர் சொல்லிக் கேட்டு வாங்கியவன் நான்.

சரியான மாத்திரையை முதல் நாளே போட்டிருந்தால் தப்பித்திருப்பேனா? இந்த இடத்தில் என் சொந்த ஆதங்கத்துக்கு எதிராகவே எழுத வேண்டியிருக்கிறது. பிரிட்டிஷ் பதிவேடுகளை வைத்து 2007இல் வந்த கணக்கு ஒன்று, தொண்டை வலிக்காரர்களில் ஒருவருக்குக் குயின்சி வராமல் தடுக்க நாலாயிரத்துக்கும் அதிகமானோருக்கு ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டும் என்கிறது. 2013இல் 14,610 பேரைத் தொடர்ந்த இன்னோர் ஆய்வில் சிக்கல் வந்தவர்கள் சுமார் 1 சதவீதம்தான். யாருக்கு வரும் என்று முதல் நாள் அறிகுறிகளை வைத்துச் சொல்ல முடியவில்லை. ஆக, எல்லாத் தொண்டை வலிக்கும் மாத்திரை என்பது விடையில்லை. நான்காம் நாளும் அடங்காத, ஒரு பக்கமாக ஒதுங்கிய வலியைத் திரும்ப வந்து காட்டச் சொல்வதே விடை.

வழக்கமாகத் தருவது அமாக்ஸிசிலின் கிளாவுலனேட், அல்லது பென்சிலினோடு மெட்ரோனிடசோல், பத்து நாள் அளவில். சீழை முழுதாக எடுத்துவிட்ட பிறகு மெட்ரோனிடசோல் சேர்ப்பதால் பெரிய பயன் இல்லை என்று ஃபின்லாந்தில் ஓர் ஆய்வு வந்தது. ஆனால் அது அங்கே. ஒரு வேளை டெக்ஸாமெத்தசோன் ஊசி போட்டால் வலியும் வாய் இறுக்கமும் ஒரு நாள் முன்னதாகவே விடுகின்றன. ஆய்வுகள் சின்னவை, பலன் கண்கூடு. சர்க்கரை நோயாளிகளிடம் மட்டும் யோசித்துப் போட வேண்டும், சர்க்கரை எகிறிவிடும். தமிழ்நாட்டுக்கு இது ஓர் அடிக்குறிப்பு இல்லை. 2011இல் வந்த தேசிய ஆய்வின்படியே இங்கே பெரியவர்களில் 10.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை. அவர்களிடம் கழுத்துச் சீழ் ஆழமாகப் பரவுகிறது, கிளெப்சியெல்லா போன்ற வேறு கிருமிகள் சேர்ந்துகொள்கின்றன. ஐம்பது வயதுச் சர்க்கரைக்காரரின் குயின்சியும் இருபத்தைந்து வயது மாணவனின் குயின்சியும் பெயரில்தான் ஒன்று. முதலாமவரை அன்றைக்கே படுக்கையில் சேர்ப்பது நல்லது. மாணவன் தண்ணீர் குடிக்க முடிந்தால் சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம்.

எங்கள் பக்கத்தில் இந்த நோய் எடுக்கும் பயணத்தைக் கொஞ்சம் பாருங்கள். டவுன்ஷிப் ஊழியருக்குக் கல்பாக்கத்தில் அணுசக்தித் துறை மருத்துவமனை இருக்கிறது. அட்டையைக் காட்டினால் போதும். மதிலுக்கு வெளியே, சதுரங்கப்பட்டினத்திலோ கொக்கிலமேட்டிலோ கடலுக்குப் போகிறவருக்கு முதலில் மருந்துக்கடை, பிறகு கைராசி டாக்டர், பிறகு திருக்கழுக்குன்றம், கடைசியில் செங்கல்பட்டு. 1965இல் தொடங்கிய செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரியின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காசில்லாமல் சீழ் எடுப்பார்கள். ஆனால் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் மாறி, வரிசையில் நிற்க வேண்டும். அந்தக் கணக்கைப் போட்டுத்தான் இரண்டு நாள் தள்ளிப்போடுகிறார்கள். தள்ளிப்போடும் நாட்களில் கழுத்தில் சுண்ணாம்பும் மஞ்சளும் பற்றுப் போடுகிறார்கள், சூடாகக் களி கிண்டிக் கட்டுகிறார்கள். தோலுக்கு மேலே வரும் கட்டியை அது பழுக்கவைத்து உடைக்கும். அண்ணத்துக்குப் பின்னால் இருப்பதை எட்டாது. சில சமயம் கட்டி தானாக வாய்க்குள் உடைந்து, 'பற்றுப் போட்டதில் உடைஞ்சுடுச்சு' என்று பெயர் வாங்கிவிடும். தூக்கத்தில் உடைந்து நுரையீரலுக்குப் போனவர்கள் வந்து சாட்சி சொல்வதில்லை.

மூச்சு இழுக்கும்போது சத்தம், படுக்கவே முடியாமை, எச்சிலைத் துளிகூட விழுங்க முடியாமை, கழுத்து வெளியே வீங்கி விறைப்பது, நெஞ்சு வலி: இவற்றில் ஒன்று வந்தால் பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் 108ஐ அழைக்க வேண்டும். சீழ் தொண்டையின் பக்கவாட்டு இடைவெளிக்கோ அதன் வழியே நெஞ்சுக்கூட்டுக்கோ இறங்கத் தொடங்கியதன் அடையாளம் அது.

கடைசிக் கேள்வி, டான்சிலை எடுக்கலாமா. முன்பு குயின்சி ஒருமுறை வந்தாலே ஆறு வாரம் கழித்து எடுத்துவிடுவார்கள். மறுபடி வருவது பத்துப் பதினைந்து சதவீதம் பேருக்குத்தான் என்று தெரிந்த பிறகு அந்த அவசரம் குறைந்தது. ஆண்டுதோறும் நாலைந்து முறை டான்சில் அழற்சி வருகிறவர்கள், இரண்டாம் முறை குயின்சி வந்தவர்கள்: இவர்களுக்கு எடுப்பதில் நியாயம் இருக்கிறது. மற்றவர்கள் காத்திருக்கலாம். ஒரு வாரம் கழித்துக் காட்டப் போனபோது நான் கேட்டேன், "இதை எடுத்துடலாமா டாக்டர்?" அவர் டார்ச்சை அணைத்துவிட்டு, "முன்னாடி எப்பவாவது வந்திருக்கா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப இருக்கட்டும். அடுத்த தடவை ஆறு நாள் உட்கார்ந்திருக்காம வாங்க." சீட்டில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதற்குள் அடுத்த நோயாளி, தாடையைக் கையால் தாங்கிக்கொண்டு, திரைக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டார்.